சிவகாசிப் பட்டாசு, பாதி விலை: பணம் அனுப்பும் முன் நாம் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கைப்பேசியில் பட்டாசு விளம்பரங்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை, 80 சதவீதத் தள்ளுபடி. பணம் கட்டியவர்களில் சிலருக்குப் பெட்டி வரும், சிலருக்கு வரவே வராது. ஏமாந்தவர்கள், "அந்தத் தள்ளுபடியைப் பார்த்தபோதே சுதாரித்திருக்க வேண்டும்" என்று நொந்துகொள்வார்கள்.

அது தவறான கணக்கு. சிவகாசியில் நேர்மையான கடைக்காரரும் 80 சதவீதம் என்றுதான் அச்சடிக்கிறார். பட்டியலில் இருப்பது தள்ளுவதற்கென்றே ஏற்றிவைத்த விலை. தள்ளுபடியை மறந்துவிட்டு, கழித்தபின் வரும் விலையை நான்கைந்து கடைகளோடு ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் அதிலும் பாதிக்குத் தருகிறார் என்றால், அவரிடம் சரக்கே இல்லை என்று கொள்ளலாம்.

இரண்டாவது தவறு, சட்டம் தெரியாமல் வாங்குவது. இணையத்தில் பட்டாசு விற்க 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. அதனால் பல கடைகளின் இணையதளங்கள், வேண்டியதைக் குறித்து அனுப்புங்கள், நாங்கள் தொலைபேசியில் அழைக்கிறோம் என்று எழுதி வைத்திருக்கின்றன. இந்தச் சுற்றுவழி தீர்ப்புக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனி விவாதம். கூடையில் போட்ட கையோடு கியூஆர் குறியீட்டை நீட்டும் பக்கம் அந்தத் தயக்கம்கூட இல்லாதது, அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

போலிகள் கடையின் பெயர், படங்கள், அந்த அறிவிப்பு வாசகம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பக்கத்தின் அழகைப் பார்த்துப் பயனில்லை. ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடங்கள் கொண்டது, தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அதை இட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். எண்ணையும் திருடலாம் என்பதால், யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயர் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெயர் தோன்றி, "எங்கள் கணக்காளருடைய கணக்குதான்" என்று விளக்கம் வந்தால், அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். 04562 என்று தொடங்கும் சிவகாசித் தரைவழி எண் இருந்தால் அதற்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

கூரியரில் வீட்டு வாசலுக்கே வரும் என்ற வாக்குறுதியையும் நம்பவேண்டாம். பட்டாசு வெடிபொருள்; ரயிலில் கொண்டுபோவதே குற்றம், கூரியர் நிறுவனங்களும் ஏற்பதில்லை. வழக்கமாக லாரி பார்சல் அலுவலகத்துக்கு வரும், நாம் போய் எடுத்துவர வேண்டும். பணம் கட்டியபின் லாரி வாடகை, வரி, பில் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தால், போன பணத்தை மீட்கும் ஆசையில் மேலும் கட்டாதீர்கள்.

இதைவிடக் கொடுமை, ஏமாந்தபின் ஏமாறுவது. தேடுபொறியில் கண்ட 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை அழைத்தால், மறுமுனையிலும் ஒரு மோசடிக்காரர் இருக்கலாம். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்" என்பார். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் நம் பணம்தான் போகும்.

ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டியது, இணையவழிப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற அரசு உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் போனால், முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். மூவாயிரம் ரூபாய்க்கா புகார் என்று பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் சின்னச் சின்னத் தொகையாக வாங்குகிறார்கள். இணையதள முகவரி, வாட்ஸ்அப் உரையாடல், விலைப்பட்டியல் அனைத்தையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தீபாவளி முடிந்தபின் தேடினால் அந்தத் தளமே இருக்காது.