மெய்யெழுத்தின் புள்ளி ஃபிலிமில் தெரிகிறதா?

சிங்கப்பூரில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் மைக்ரோஃபிலிம் பிரிவில் பல வருஷம் இருந்தேன். பழைய ஆய்வேடுகளின் பக்கங்களை மிகச் சிறிதாக்கி ஃபிலிம் சுருளில் படமெடுக்கும் வேலை. உங்கள் கைக்கும் அந்த வேலை வந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

படமெடுக்க டைப் அடித்த முதல் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கார்பன் பிரதியில் எழுத்து ஏற்கெனவே மங்கலாக இருக்கும். ஸ்டேப்பிள் பின்னை எடுத்துவிட்டு, பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மடித்து ஒட்டிய வரைபடம்தான் அடிக்கடி விட்டுப்போகும்.

அந்தக் காலத்து ஆய்வேடுகளில் ஆங்கிலம் தட்டச்சில் இருக்கும், தமிழ் மேற்கோளைப் பேனாவால் எழுதியிருப்பார்கள். ஒரு தடவை ஃபிலிம் திரும்பி வந்ததும், பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு வாசகர் ஒருவர் வந்து காட்டினார்: மேற்கோள்களில் புள்ளியே இல்லை. 'கல்' 'கல' ஆகியிருந்தது. நல்லவேளை, மூலப் பிரதி இன்னும் எங்களிடமே இருந்தது. மறுபடி எடுத்தோம். அன்றிலிருந்து ஒளிப்பெட்டியில் லென்ஸ் வைத்து முதலில் புள்ளியைத்தான் தேடுவேன். புள்ளி தெரியவில்லையென்றால் எழுத்தை அவ்வளவு சிறிதாக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு 16 மி.மீ. ஃபிலிமைவிட 35 மி.மீ. வசதி. இந்தச் சோதனை முடியும்வரை மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பாலியெஸ்டர் ஃபிலிமில் வெள்ளி உப்புப் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். சரியாகக் கழுவி, சரியாக வைத்தால் 500 வருஷம் தாங்கும் என்று கணக்கு. மூன்று பிரதி வேண்டும். முதலில் எடுத்த தாய் நெகட்டிவ் வேறு கட்டடத்தில் இருக்கட்டும், அதை ஃபிலிம் படிக்கும் கருவியான ரீடரில் மாட்டவே கூடாது. இரண்டாவது நகலெடுக்க, மூன்றாவது வாசகருக்கு.

அப்புறம், நம் ஊர்க் காற்று. இங்கே ஈரப்பதம் சராசரியாகவே 80 சதவீதத்தைத் தாண்டும். அறை 21 டிகிரிக்கு மேல் போகாமல், ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரவில் ஏர்கானை நிறுத்தும் கட்டடத்தில் ஃபிலிம் வைக்காதீர்கள். ரப்பர் பேண்டும் போடாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கெடுக்கும். அசிட்டேட் என்ற பழைய வகை ஃபிலிம் சுருளில் காடி (வினிகர்) வாசனை வந்தால் உடனே தனியாகப் பிரித்து வையுங்கள், அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும்.

குளிர் அறையிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்க வேண்டாம். மூடியபடியே சில மணி நேரம் வெளியே வைத்து, தொட்டால் சில்லென்று இல்லாதபோது திறங்கள். இல்லையென்றால் ஃபிலிமின் மேலேயே நீர் கோத்துவிடும்.