பராட்டே திருத்தம்: எதற்காகத் தடுத்து நிறுத்துவது, எதைப் போகவிடுவது

கடன் கட்டாதவரின் ஈட்டை வழக்கில்லாமலே வங்கி ஏலம் விட வழிசெய்யும் பராட்டே சட்டத்தில் கைவைக்கப் போகிறார்களாம் என்று செய்தி வந்தாலே கல்முனையிலிருந்து வாழைச்சேனை வரை இரண்டு கட்சி உண்டாகிவிடும். குறையோடாவது முதலில் வரட்டும் என்பது ஒரு கட்சி, எல்லாவற்றையும் திருத்தும்வரை விடக்கூடாது என்பது மற்றது. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போதுள்ள நிலையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பராட்டே என்று நாம் சொல்லும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் கட்டாதவரின் ஈட்டுச் சொத்தை வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்கலாம். 2011இல், வாங்கிய முதல்தொகை 50 இலட்சத்துக்கு மேற்படாத கடன்களுக்கு இது பாயாது என்று வேலி போட்டார்கள். பிறகு 2024இல் டிசம்பர் 15 வரை ஏலங்களை இடைநிறுத்தி, அதை 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள்.

சட்டமூலம் கைக்கு வந்ததும் பின்பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஏற்கெனவே தீர்மானம் வர்த்தமானியில் வந்துவிட்டவருக்கும் இது பொருந்துமா, இனிமேல் மாட்டுபவருக்கு மட்டுமா என்பது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பொருந்தாது என்றால், ‘சீக்கிரம் நிறைவேற்றுங்கள்’ என்று கத்துவதால் இன்றைக்குத் தவிக்கிறவருக்கு ஒரு சதமும் லாபமில்லை.

அடுத்தது தாமதத்தின் விலை. இதைக் காசாகவே கணக்குப் பாருங்கள். 80 இலட்சம் நிலுவை, வட்டி 14 வீதம் என்று வைத்தால் மாதம் 93,000 ரூபாய்க்கு மேல் ஏறும், ஆறு மாதத்தில் 5 இலட்சத்து 60 ஆயிரம். ஏலத்தை நிறுத்தினால் வட்டி நிற்காது, இதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். என் மச்சான் களுவாஞ்சிக்குடியில் வீட்டை ஈடு வைத்து அரிசி ஆலை போட்டவர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதப் புள்ளி கூட்டியபோது அவருடைய தவணையும் பின்னாலேயே ஏறியது. அவரிடம் போய் ‘நல்ல சட்டம் வரும், பொறு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஏலம் இடைநிறுத்தப்பட்டிருக்கும் காலத்தில் தாமதம் அவ்வளவு கொல்லாது. முடிவுத் திகதி நெருங்க நெருங்கத்தான் கழுத்தை நெரிக்கும், அதனால் அந்தத் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, பிறகு திருத்த முடியுமா என்பது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரை இட்டபின் ஒரு சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அப்புறம் பார்ப்போம் என்று விட்டால் திரும்பவும் பாராளுமன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆகவே குடியிருக்கும் வீட்டை ஆலையிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் பிரித்துப் பார்ப்பது, விற்கும் முன் கடன்காரரின் பக்கத்தைக் கேட்பது போன்றவற்றுக்காக ஒரு மாதம் தள்ளிப்போனாலும் தகும். வரம்புத் தொகை அப்படியில்லை. 2011இல் டொலர் 110 ரூபாய் அளவில் இருந்தது, இப்போது 300 அளவில் நிற்கிறது, 50 இலட்சம் என்ற வேலி தேய்ந்துதான் போயிற்று. ஆனாலும் இலக்கத்தை ஒருவரித் திருத்தத்தால் பின்னர் மாற்றலாம், அதற்காக முழுச் சட்டமூலத்தையும் மறிக்காதீர்கள்.

தமிழ்ப் பிரதியை மட்டும் நம்பவும் வேண்டாம். முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். அம்பாறைப் பக்கம் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள், ஒரு தேநீர்ச் செலவுதான்.

கேட்க வேண்டியது முடிவானதும் மட்டக்களப்பின் ஐந்து எம்.பி.க்களுக்கும் திகாமடுல்லை, அதாவது அம்பாறை மாவட்டத்தின் ஏழு பேருக்கும் எழுதுங்கள், அதுவும் சட்டமூலத்தை வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலைக்கு முன்பே. ‘மக்களுக்குச் சாதகமாக மாற்றுங்கள்’ என்று எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். எத்தனையாம் வாசகத்தில் எந்தச் சொல்லை எடுத்து எதைப் போடுவது என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டு கோரிக்கைக்கு மேல் வேண்டாம்.

உங்கள் மதிலிலேயே ஏல அறிவித்தல் ஒட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. ஏலத் திகதிக்கு முன் நிலுவை, வட்டி, செலவு முழுவதையும் கட்டினால் விற்க முடியாது என்று 1990ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. காணி உறுதியையும் அறிவித்தலையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.