ஸ்டேஷனைச் சுத்தி பிளான் போடேக்க விடக்கூடாத பிழையள்

ரயில் ஸ்டேஷனைச் சுத்தி வீடு, கடை கட்டுறதுக்குப் புதுசா வாற பெடியள் போடுற மாஸ்டர் பிளானுகளைப் பாத்துக்கொண்டு வாறன், அதே பழைய பிழையள்தான் திரும்பத் திரும்ப வருது. மரம் நடோணும், நடைபாதை வேணும் எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவம்.

வட்டம் கீறிப்போட்டு விடுறது

எனக்கு இப்பவும் எரிச்சல் வாறது இதுதான். ஸ்டேஷன்ல கவராயத்தைக் குத்தி 800 மீட்டருக்கு ஒரு வட்டம், உள்ளுக்க இருக்கிற எல்லாரும் பத்து நிமிஷத்தில நடந்து வந்திடுவினம் எண்டு ஒரு கணக்கு, அதை வச்சுத்தான் எத்தினை மாடி, எத்தினை வீடு, எத்தினை கடை எண்டு முழுக்க முடிவாகுது. கொழும்பில கடலோரம் இருக்கிற வெள்ளவத்தை ஸ்டேஷன்ல அந்த வட்டத்தைக் கீறிப் பாருங்கோ. 200 ஹெக்டேயர் வரும், அதில கிட்டத்தட்டப் பாதி கடல்! மிச்சத்திலயும் காலி வீதியைக் கடக்கவே காத்து நிக்கோணும், கால்வாய் வந்தா பாலம் இருக்கிற இடம் மட்டும் சுத்தோணும், சில ஒழுங்கையள் மதிலோட முடிஞ்சிடும்.

நான் வேலை செய்த ஒரு புரொஜெக்ட்ல பின்பக்கம் ஒரு கேட் இருந்தது, அதால போனா ஸ்டேஷன் மூண்டு நிமிஷம். பிளான்லயும் இருந்தது, கட்டியும் குடுத்தாச்சு. ஆக்கள் குடிவந்த பிறகு பாதுகாப்பு எண்டு சொல்லி மனேஜ்மென்ட் பூட்டுப் போட்டிட்டுது. ரயிலடி வீடு எண்டு கூடக் காசு குடுத்து வாங்கின சனம் இப்ப மெயின் ரோட்டால சுத்துது, இல்லாட்டி ஓட்டோ பிடிக்குது. கேட்டா அது எங்கட காணி எண்டினம். சட்டப்படி அவை சொல்லுறது சரி, ஏனெண்டா பாதை உரிமையை ஒருத்தரும் காணி உறுதியில எழுதேல்ல.

அதால வட்டத்தை விட்டிட்டு ஸ்டேஷன் வாசல்ல இருந்து ஒழுங்கை ஒழுங்கையா நடவுங்கோ. பத்து நிமிஷம் முடியிற இடத்தில புள்ளி வையுங்கோ, ஏப்ரல் மத்தியான வெயிலுக்க ஒருக்கா, நவம்பர் மழைக்க ஒருக்கா. புள்ளியளைச் சேத்தா வாறதுதான் உங்கட உண்மையான எல்லை. குறுக்குப் பாதையளை முதல் கட்டடம் எழும்ப முன்னமே பொதுப் பாதையா உறுதியில போடுங்கோ: அகலம், திறந்திருக்கிற நேரம், லைட்டுக்கு ஆர் பொறுப்பு, எல்லாத்தையும்.

வராத ரயிலை நம்பிக் கட்டுறது

கொழும்பில இருந்து மாலபேக்குப் போட இருந்த லைட் ரயில் 2020ல ரத்தானது. அதால உங்கட பிளானின்ர முதல் கட்டம் இண்டைக்கு ஓடுற பஸ்ஸோடயே சீவிக்கக்கூடியதா இருக்கோணும்.

பார்க்கிங்

குறையுங்கோ. ஸ்டேஷனடியில நாலு மாடி பார்க்கிங் கட்டினா சனம் காரிலதான் வரும்.

சதுப்பு நிலத்தை நிரப்புறது

வேண்டாம். 2010 நவம்பர் மழைக்குப் பாராளுமன்ற வளவுக்குள்ளயே வெள்ளம் வந்தது. கொழும்பின்ர மழைத்தண்ணியைத் தாங்கிப் பிடிக்கிறதே இந்தச் சதுப்புகள்தான், 2018ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்ர ஈரநில நகரம் எண்ட அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைச்சதும் அதுகளாலதான்.

கீழ்மாடி

ஸ்டேஷனுக்குப் போற பக்கம் வெறும் மதில் வைக்காதேங்கோ. சின்னச் சின்னக் கடையா பிரியுங்கோ, மரக்கறிக்காரரும் தையல்காரரும் வாடகை கட்டக்கூடிய அளவில.