பின்தங்கிய பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தர: முதலில் எங்கே தட்டுகிறது என்று பாருங்கள்

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது, "இவளுக்கு ஒன்றுமே தெரியாது" என்பார்கள். அதை நம்பி அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒன்றுமே தெரியாத பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஓரிரு இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் நாள் பாடம் வேண்டாம். தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்: ஐந்து எழுத்து, ஐந்து சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை. இந்தியக் கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும், 2005-இல் தொடங்கிய ஏசர் (ASER) ஆய்விலும் இதே படிகள்தான். எழுத்திலும் சொல்லிலும் ஐந்துக்கு நான்கு சரியென்றால் அந்தப் படியைத் தாண்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகத்தை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் முழுப் பாடத்தையும் கடகடவென்று வாசித்தாள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்னம்மா?" என்றேன். பேச்சே இல்லை. எல்லாம் மனப்பாடம். வெற்றுத் தாளில் 'கொக்கு' என்று எழுதிக் காட்டினேன். "கெ... ர... க்கு" என்றாள். க தெரியும், கா தெரியும், கெ தெரியும். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது மட்டும் பிடிபடவில்லை. முன்னால் கொம்பு வந்தால் பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டாள். 247 எழுத்தையும் மறுபடி எழுதவைத்திருந்தால் இந்த இடத்துக்கு எப்போது வந்து சேர்ந்திருப்போம்!

அதை மட்டும் எடுத்தோம். மூன்று அட்டைகள்: க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால். காலை மட்டும் வைத்தால் கா. அதை எடுத்துவிட்டுக் கொம்பு வைத்தால் கெ. இரண்டும் வைத்தால் கொ. அவளே வைத்து, அவளே சொல்ல வேண்டும். அதே கையோடு தொ, பொ, மொ. நான்காம் நாள் 'தொடு', 'பொறு' தானாக வந்தன. அப்புறம்தான் கொடு–கோடு, தொடு–தோடு.

வேறு பிள்ளைக்கு வேறு இடம் தட்டும். புள்ளியைக் கவனிக்காத பையன் 'பட்டம்' என்பதை 'படடம' என்பான். இன்னொருவனுக்குக் 'கல்', 'கால்' இரண்டும் ஒன்றுதான். கு, சு, து, மு என உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் திணறுகிறவர்களும் உண்டு. வயதைப் பார்க்காமல், ஒரே இடத்தில் தட்டுகிறவர்களை நாலைந்து பேராக உட்காரவையுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். ல, ள, ழ பிழைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், வாசிப்பு ஓடட்டும்.

பெரிய பிள்ளையிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டாதீர்கள், கூசிப்போவார்கள். அவள் பேசுவதை அவள் சொன்னபடியே நாலு வரி எழுதி, அதையே வாசிக்கக் கொடுங்கள். வேறு எதைக் கொடுத்தாலும் பத்துச் சொல்லில் ஒன்பது அவளுக்கு வரவேண்டும். தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்கவைப்பது கூடவே கூடாது.

எங்கே தட்டியது, எது சரியானது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டு, குழுவை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நேற்று வந்த எழுத்து இன்று நிற்கவில்லை என்றால், கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லி வீட்டில் பேசுங்கள்.