அடுத்த வருஷத்துப் பிக் இனாம் இல்லை: மாக் டிராஃப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஏப்ரலில் எங்கள் மாக் டிராஃப்டுக்குப் புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். முதல் ரவுண்டில் எட்டு பிக் முடிவதற்குள் அவர்களில் ஒரு தம்பி எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினான்: "அண்ணா, மேல ஏறிட்டேன். அடுத்த வருஷ முதல் ரவுண்டையும் சேர்த்துக் கொடுத்துட்டேன். மாக்தானே, என்ன இப்போ?" படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. 2019-ல் நானும் இதே வேலையைத்தான் செய்தேன், இதே சமாதானத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு ரவுண்டுகளில் பங்குபோட்டு எடுப்பார்கள். ஒரு ஆளை எடுக்கிற முறைக்குப் பெயர்தான் பிக்: போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் பிக், இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்த அணிக்குக் கடைசிப் பிக். இந்தப் பிக்குகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம் (டிரேட்), அடுத்த வருஷத்துப் பிக்கையும்கூட. கூடுதல் பிக் கொடுத்து முன்வரிசைப் பிக்கை வாங்குவதுதான் மேலே ஏறுவது. மாக் டிராஃப்ட் என்பது இதற்கான ஒத்திகை. நாங்கள் 16 பேர், ஆளுக்கு இரண்டு அணி, மூன்று ரவுண்ட், டிரேட் உண்டு. நிஜ டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்னால் முடித்துவிடுவோம்.

ஏற்கெனவே போன ஆளை மறுபடி எடுப்பது, முழங்கால் போன ஆளைக் கவனிக்காமல் எடுப்பது மாதிரியான தவறுகளைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும்.

எந்த மாதிரி மாக் என்று கேட்காமல் உட்காருவது

மாக்கில் இரண்டு வகை உண்டு. அணிக்கு ஆள் எடுக்கிற நிஜ ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) என்ன செய்வார் என்று கணிப்பது ஒன்று. அந்த நாற்காலியில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்பது இன்னொன்று. 2020-ல் கிரீன் பே, ஏரன் ராட்ஜர்ஸ் கையில் இருக்கும்போதே 30-லிருந்து 26-க்கு ஏறி ஜோர்டன் லவ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) எடுத்தது. கணிப்பு மாக்கில் அதை ஒருவர் சொல்லியிருந்தால் தலைமேல் தூக்கிவைத்திருப்போம். இரண்டாவது வகையில் சொல்லியிருந்தால் மற்ற 15 பேரும் காரணம் கேட்டே கொன்றிருப்பார்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போன வருஷ அணியை மனதில் வைத்து ஆள் எடுப்பது

மார்ச்சில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் அணி மாறும் ஃப்ரீ ஏஜென்சி தொடங்கியதும் பாதி அணிகளின் முகமே மாறியிருக்கும். ஜனவரியில் பார்த்த கடைசி ஆட்டம் மனதில் நிற்பதால், மார்ச்சில் நல்ல காசு கொடுத்து லெஃப்ட் டேக்கிளை (குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கிறவர்) வாங்கிய அணிக்கே இன்னொரு லெஃப்ட் டேக்கிளை எடுத்துவைப்பார்கள். இப்போதைய ஆட்கள் பட்டியலைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, யாருடைய ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடிகிறது என்று பாருங்கள். நிஜ ஜிஎம்கள் இன்றைய ஓட்டையை அடைக்க மட்டும் ஆள் எடுப்பதில்லை. 2005-ல் 24-வது பிக்கில் கிரீன் பே ராட்ஜர்ஸை எடுத்தபோது அவர்களின் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ராட்ஜர்ஸ் முழுநேரமாக இறங்கியது 2008-ல்.

அடுத்த வருஷம் வரவே வராது என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2019-ல் என் கையில் வாஷிங்டன் இருந்தது. முதல் ரவுண்டில் 15-வது பிக். முந்தைய நவம்பரில் அணியின் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் கால் கொடூரமாக முறிந்திருந்தது, அணிக்குக் குவார்ட்டர்பேக் தேவை என்பது ஊருக்கே தெரியும். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் டுவேன் ஹாஸ்கின்ஸ் மேல் எனக்குக் கண். ஆறாவது பிக்கில் ஜயன்ட்ஸ் அவரைத் தூக்கிவிடும் என்று அந்த மாதம் முழுக்கப் பேச்சு. என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்றாவது பிக்கான ஜெட்ஸை வைத்திருந்த நண்பருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டேன்.

பேரம் பேச ஒரு அட்டவணை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த காலத்தில் டல்லஸ் கவ்பாய்ஸில் உருவானது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200, அப்படியே சரிந்து 15-வதற்கு 1050, முதல் ரவுண்டின் கடைசியான 32-வதற்கு 590. இப்போது புது அட்டவணைகள் நிறைய வந்துவிட்டன, ஆனாலும் மாக்கில் பேரத்தை ஆரம்பிக்க இன்றும் பலர் எடுப்பது இதைத்தான். அடுத்த வருஷப் பிக்கை ஒரு ரவுண்ட் இறக்கிப் போடுவது வழக்கம். அதாவது அடுத்த வருஷ முதல் ரவுண்டை இந்த வருஷ இரண்டாம் ரவுண்டின் நடுப் பிக் மாதிரி, ஏறக்குறைய 420 என்று எடுத்துக்கொள்வார்கள்.

நான் கொடுத்தது: 15-வது பிக் 1050, 46-வது 440, 76-வது 210, 96-வது 116, அப்புறம் 2020-ன் முதல் ரவுண்ட், 420. மொத்தம் 2236. வாங்கியது 2200. கால்குலேட்டரில் பார்த்தபோது பெரிய நஷ்டமில்லை என்று தோன்றியது. அந்த 420-ஐச் சேர்க்கும்போது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 2020 என்று ஒன்று எங்கள் மாக்கில் இல்லவே இல்லையே.

ஒரு வாரம் கழித்து நிஜ டிராஃப்ட். ஆறாவதில் ஜயன்ட்ஸ் எடுத்தது டேனியல் ஜோன்ஸ் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை. ஹாஸ்கின்ஸ் தானாகவே 15-க்கு வந்து சேர்ந்தார். வாஷிங்டன் இருந்த இடத்திலேயே இருந்து, கூடுதலாக ஒரு பிக்கும் செலவழிக்காமல் அவரை எடுத்துக்கொண்டது. நான் அள்ளிக் கொடுத்த 76-வது பிக்கில் அவர்கள் எடுத்தது, அதே ஒஹையோ ஸ்டேட்டில் ஹாஸ்கின்ஸோடு ஆடிய டெர்ரி மெக்லாரினை. 2020-லிருந்து 2024 வரை தொடர்ந்து ஐந்து சீசனில் ஆயிரம் யார்டைத் தாண்டிய ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்). இது போதாதென்று, 2019 சீசனில் வாஷிங்டன் 3 ஜெயித்து 13 தோற்றது. 2020-ல் அவர்களுக்கு வந்தது இரண்டாவது பிக். அதில் சேஸ் யங்கை எடுத்தார்கள், அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே போனது. நான் 420 என்று எழுதிக் கொடுத்தது கடைசியில் 2600 புள்ளிப் பிக்.

ஹாஸ்கின்ஸ் 2022-ல் சாலை விபத்தில் இறந்துபோனார், 24 வயதுதான். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தவறு அவரைத் தேர்ந்தெடுத்ததில் இல்லை, நான் கொடுத்த விலையில் இருந்தது.

அந்த விலையை ஏன் கொடுக்கிறோம்? இந்த ஆள் வந்தால் அணி தேறிவிடும், தேறினால் அடுத்த வருஷப் பிக் எங்கோ பின்னால் போய்விடும், பின்னால் போகிற பிக்கைக் கொடுத்தால் என்ன என்று மனசு கணக்குப் போடுகிறது. நடப்பது வேறு. குவார்ட்டர்பேக் இல்லாமல் தவிக்கிற அணிக்கு மற்ற இடங்களிலும் ஆள் பற்றாது, அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டிய பிக்குகளைத்தான் நீங்கள் விற்றுவிட்டீர்கள், போதாக்குறைக்குப் பந்து இப்போது 22 வயதுப் பையன் கையில். அடுத்த வருஷமும் தோற்கும். 2023-ல் கரோலினா முதல் பிக்குக்காக சிகாகோவுக்கு 9-வது பிக், 61-வது பிக், 2024-ன் முதல் ரவுண்ட், 2025-ன் இரண்டாம் ரவுண்ட், கூடவே டிஜே மூர் என்ற நல்ல ரிசீவரையும் கொடுத்து பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அந்த சீசனில் 2 ஜெயித்து 15 தோற்றது. கொடுத்த 2024 பிக் டிராஃப்டின் முதல் பிக்காகவே மாறியது, சிகாகோ அதில் கேலெப் வில்லியம்ஸை எடுத்தது. 1999-ல் நியூ ஆர்லியன்ஸ் ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு ரன்னிங் பேக்குக்காக (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்) அந்த வருஷத்துப் பிக் அத்தனையையும், அடுத்த வருஷத்து முதல், மூன்றாம் ரவுண்டையும் வாஷிங்டனிடம் கொடுத்தது. அந்த சீசனில் 3 ஜெயித்து 13 தோற்றது. கொடுத்த பிக் இரண்டாவதாக வந்தது, பயிற்சியாளர் மைக் டிட்காவின் வேலையும் போனது.

நல்ல அணி கொடுத்தால் கதை வேறு. 2017-ல் கான்சஸ் சிட்டி 27-லிருந்து 10-க்கு ஏறி குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுக்க 2018-ன் முதல் ரவுண்டைக் கொடுத்தது. ஆனால் அது முந்தைய சீசனில் 12 ஆட்டம் ஜெயித்த அணி, கையில் அப்போது நன்றாக ஆடிக்கொண்டிருந்த இதே அலெக்ஸ் ஸ்மித்தும் இருந்தார். கொடுத்த பிக் 22-வதாகத்தான் போனது. அடுத்த வருஷத்தை அடகு வைக்கிற தகுதி அப்படிப்பட்ட அணிக்குத்தான் உண்டு.

என் கணக்கு இப்போது இதுதான்: குவார்ட்டர்பேக் தேடும் அணியின் அடுத்த வருஷ முதல் ரவுண்டை நான் இறக்கிப் போடுவதே இல்லை. இந்த வருஷம் அது எந்த இடத்தில் நிற்கிறதோ அதே புள்ளி. 2019-ல் அப்படிப் போட்டிருந்தால் 420-க்குப் பதில் 1050, மொத்தம் 2866 ஆகியிருக்கும். 2200-க்கு 2866 கேட்டால் யார் கொடுப்பார்கள், போனை வைத்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

விற்கிறவருக்கும் ஒன்று. ஒரே தடவை நடக்கிற மாக்கில் எதிராளி அடுத்த வருஷப் பிக்கை நீட்டினால் அது உங்களுக்கு வெறும் காற்று. இந்த வருஷத்துப் பிக்காகக் கேளுங்கள். என் ஜெட்ஸ் நண்பர் அன்று அதைக் கேட்டிருந்தால் டிரேடே நடந்திருக்காது.

அந்த 2019-க்கு அடுத்த வருஷத்திலிருந்து நாங்கள் ஒரு கணக்கு வைக்க ஆரம்பித்தோம். கொடுத்த எதிர்காலப் பிக் எல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் ஏறும். அடுத்த ஏப்ரலில் அதே ஆள் அதே அணியை எடுத்து, அந்தப் பிக் இல்லாமலேயே ஆட வேண்டும். ஒரு அணி ஒரு முதல் ரவுண்டுக்கு மேல் முன்கூட்டி விற்கக் கூடாது. இதைத் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. அப்புறம், "டிரேடைத் திரும்ப எடுக்க முடியுமாண்ணா?" என்று கேட்டான். முடியாது என்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பட்டியல் போடுவது

வரிசையாக எழுதினால் அடுத்த பெயர் போனதும் பதறுவீர்கள். தரத்தைப் பார்த்துப் படிகளாகப் பிரியுங்கள்: இந்த ஐந்து டேக்கிள்களும் ஒரு படி, இவர்களில் யார் வந்தாலும் சரி. உங்கள் பிக்குக்கு முன் மூன்று பேர்தான் எடுக்கப்போகிறார்கள் என்றால் ஏற வேண்டிய அவசியமே இல்லை, ஒருவராவது மிஞ்சுவார். பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் பழைய டிராஃப்டுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவது, நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். ஆட்டக்காரர்களை அலசுவதே முழுநேர வேலையாக இருக்கிற ஸ்கவுட்டுகளுக்கே இந்த நிலைமை. வேலை முடிந்து வந்து ராத்திரியில் வீடியோ பார்க்கிற நமக்கு முதல் ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்றால் நான் நம்ப மாட்டேன்.

40 யார்டு ஓட்டத்தை நம்புவது

1995-ல் ஃபிலடெல்ஃபியா, டிராஃப்டுக்கு முன் 40 யார்டு ஓட்டம் மாதிரியான சோதனைகள் நடக்கும் கம்பைன் முகாமில் அசத்திய மைக் மமூலாவுக்காக 12-லிருந்து 7-க்கு ஏறியது. விட்டுவந்த 12-வதில் டாம்பா பே எடுத்த வாரன் சாப் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

கிக்கர்

பந்தை உதைக்க மட்டும் இறங்குகிற ஆள். மூன்று ரவுண்ட் மாக்கில் வேண்டாம்.

கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு டிரேட் பேசுவது

2003-ல் மினசோட்டா ஏழாவது பிக்கில் டிரேட் பேசியே, ஆள் எடுக்கக் கொடுத்த நேரத்தைக் கோட்டைவிட்டது. ஜாக்சன்வில்லும் கரோலினாவும் முந்திக்கொண்டு எடுத்த பிறகு ஒன்பதாவதாகத்தான் எடுக்க முடிந்தது. உங்கள் முறைக்கு மூன்று பிக் முன்னாலேயே இரண்டு பேரிடமாவது பேசி வையுங்கள். பொதுக் குரூப்பில் "நான் கீழே இறங்கத் தயார், யாருக்கு வேண்டும்" என்று போட்டுவிடாதீர்கள், உங்களுக்கு அங்கே எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் விலை பாதியாகிவிடும்.

"உங்க மூணாவது ரவுண்ட்" என்று எழுதுவது

2019-ல் வாஷிங்டனுக்கு மூன்றாம் ரவுண்டில் இரண்டு பிக், 76-ம் 96-ம். மார்ச்சில் ஆளை இழந்த அணிகளுக்கு ஈடாகக் கொடுக்கிற பிக்குகள் மூன்றாம் ரவுண்டின் கடைசியிலிருந்து சேர்வதால் இப்படி அடிக்கடி வரும். "மூணாவது ரவுண்ட் தர்றேன்" என்று எழுதிவிட்டு எது என்று அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறோம். எண்ணைப் போட்டு எழுதுங்கள், இரண்டு பேரும் ஒரே மெசேஜில் சரி என்று சொன்ன பிறகுதான் டிரேட்: "வாஷிங்டன் தருவது 15, 46. ஜெட்ஸ் தருவது 3. சரியா?"