முதலில் வெளிமூச்சு: பிராணாயாமத்தைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிராணாயாமம் கற்க வருகிறவர்களில் பலர் முதல் நாளிலேயே கேட்பது, மூச்சை எத்தனை நொடி அடக்க வேண்டும் என்பதைத்தான். அந்த ஆவல் காரணமின்றி எழுவதில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர், மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் ரேசகத்துக்கு 32 என்று மாத்திரை என்னும் கால அளவில் கணக்கே கொடுத்திருக்கிறார். படிப்பவர் மனத்தில் அந்த 64 மட்டும் தங்கிவிடுகிறது. ஆனால் அதே தந்திரத்தில் அவர் இயமம், நியமம் என்னும் ஒழுக்க நெறிகளையும் ஆதனம் என்னும் இருக்கை நிலையையும் சொல்லி முடித்த பிறகே பிராணாயாமத்துக்கு வருகிறார். யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலியும் ஆசனம் கைகூடிய பின்னரே மூச்சைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். முதிர்ந்த பயிற்சியாளருக்குச் சொன்ன கணக்கை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்வது சரியன்று. தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது மூச்சை வெளிவிடுவதைத்தான். மெதுவாகவும் சத்தமில்லாமலும் கடைசிவரை சீராகவும் வெளிவிடத் தெரிந்துவிட்டால், உள்மூச்சு முயற்சியின்றித் தானாகவே ஆழமாக வரும்.

மூச்சு செய்யும் வேலை

ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் சுமார் 500 மில்லி லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லி லிட்டர் நுரையீரலின் காற்றறைகளை எட்டாமல் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலுமே தங்கித் திரும்பிவிடுகிறது. எனவே நிமிடத்துக்கு 12 முறை 500 மில்லி லிட்டர் இழுப்பவருக்கு மொத்தம் 6 லிட்டர் காற்று போனாலும், காற்றறைகளை அடைவது 4.2 லிட்டர்தான். அதே 6 லிட்டரை நிமிடத்துக்கு 6 முறை, ஒவ்வொன்றும் 1 லிட்டராக இழுத்தால் 5.1 லிட்டர் பயன்படும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. மெதுவாக விடும் மூச்சின் முதல் லாபம் இந்த எளிய கணக்கிலேயே இருக்கிறது.

இரண்டாவது லாபத்தை உங்கள் விரல் நுனியிலேயே உணரலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக நாடியைப் பிடித்துக்கொண்டு, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு அல்லது ஏழு எண்ணும் வரை நிதானமாக விடுங்கள். சில சுற்றுகளுக்குப் பிறகு, இழுக்கும்போது துடிப்புகள் சற்று நெருங்கி வருவதும் விடும்போது அவற்றின் இடைவெளி நீள்வதும் பலருக்குத் தெளிவாகத் தெரியும்; இளவயதினரிடம் இது நன்றாகவே புலப்படும், வயது ஏற ஏறக் குறையும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து வந்து இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் பிடி இதயத்தின்மீது வலுப்பெறுவதே இதற்குக் காரணம். தானாக இயங்கும் இதயத்தின் வேகத்தை நாம் நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் நம் விருப்பத்துக்கும் தன் போக்குக்கும் ஒருங்கே கட்டுப்பட்ட மூச்சின் வழியாக அதை எட்ட முடிகிறது. வெளிமூச்சை நீட்டச் சொல்லும் அறிவுரைக்கு உடலில் உள்ள அடிப்படை இதுதான்.

மூன்றாவதாக ஒன்றைத் தெரிந்துகொள்வது பாதுகாப்புக்கு அவசியம். மூச்சை அடக்கும்போது ஏற்படும் முட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் பிராணவாயு குறைவது அல்ல. இரத்தத்தில் கரியமில வாயு கூடுவதே மூளைத்தண்டை உசுப்பி மூச்சு விடச் சொல்கிறது. மாறாக, வேகவேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாவதும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் அதனால்தான். சிலர் அதைச் சக்தி ஏறுவதாக எண்ணி மகிழ்ந்து, இன்னும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். அது நிறுத்தச் சொல்லும் அறிகுறி; உடனே நிறுத்திவிட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்ப வேண்டும்.

தொடங்கும் முன்

காலையில் வெறும் வயிற்றில் செய்வது நல்லது. மாலையானால், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காற்றோட்டமான அறை போதும். போக்குவரத்துப் புகை வந்து நிற்கும் மாடி முகப்பைவிட, சன்னல் திறந்த உள்ளறையே மேல். ஜமுக்காளத்தை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு சம்மணமிட்டால், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து முதுகு தானாக நிமிரும். தரையில் உட்கார முடியாதவர்கள் கைப்பிடியில்லாத நாற்காலியில், பாதம் முழுவதும் தரையில் படும்படி அமரலாம். பலனில் குறைவு எதுவும் இல்லை.

உட்கார்ந்தவுடனே மூச்சைப் பிடித்துவிடாமல், இழுக்கும்போது இரு கைகளையும் மேலே உயர்த்தி, விடும்போது கீழே இறக்குவதை ஆறு முறை செய்யுங்கள். மூச்சையும் அசைவையும் இப்படி இணைப்பது, மைசூரிலும் பின்னர் சென்னையிலும் கற்பித்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் அடிப்படையானது. அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், பயிற்சியை ஆளுக்கேற்ப அமைக்கும் முறையைத் தொடர்ந்து வலியுறுத்தி வந்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை என்று சொல்லும் இடங்களைவிட அந்த அணுகுமுறையே எனக்குச் சரியாகப் படுகிறது.

வயிற்று மூச்சு

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு கை தொப்புளின்மேலும் மற்றொன்று நெஞ்சின்மேலும் இருக்கட்டும். மூக்கு வழியாக மூச்சை முழுவதும் விடுங்கள். விட்டு முடியும்போது வயிறு லேசாக உள்ளே ஒடுங்கும். பிறகு எந்த முயற்சியும் செய்யாமல் மூச்சு தானே உள்ளே வரக் காத்திருங்கள். உதரவிதானம் கீழிறங்கும்போது வயிற்றின்மேல் உள்ள கை உயர வேண்டும், நெஞ்சின்மேல் உள்ள கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். பலருக்கு இது தலைகீழாக நடக்கும். வயிற்றை எக்கி வைத்தே பழகியவர்களுக்கும், நாள் முழுவதும் கணினி முன் குனிந்து உட்காருகிறவர்களுக்கும் தோள்பட்டைதான் முதலில் ஏறும். அதைத் திருத்த வயிற்றைத் தள்ள வேண்டியதில்லை; வெளிமூச்சை இன்னும் இரண்டு எண்ணிக்கை நீட்டினாலே உள்மூச்சு கீழே இறங்கிவிடும். நாளுக்கு ஐந்து நிமிடம் வீதம், படுத்த நிலையில் இது இயல்பாக வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு வாரத்தில் கைவரலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

நான்கு இழுத்து ஆறு விடுவது

இனி நிமிர்ந்து அமர்ந்து, நான்கு நொடி இழுத்து ஆறு நொடி விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. இந்த ஆறு என்ற எண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சைச் செயலும் ஏறத்தாழ 10 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் தாளமுடையது. மூச்சு அந்தத் தாளத்தோடு பொருந்தும்போது இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் விரிந்து, அந்த அனிச்சைச் செயலின் கூர்மையும் கூடுகிறது. இத்தாலியரான லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தை உருவிட்டபோதும், மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்கே இறங்கியதை அவர்கள் கண்டார்கள். வெவ்வேறு சமயத்தினர் கணக்குப் பார்க்காமலேயே ஒரே தாளத்தைக் கண்டடைந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஆறு வரை நீட்ட முடியாவிட்டால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்குங்கள். மூச்சு சத்தம் போட்டாலோ, தாடை இறுகினாலோ, அடுத்த மூச்சை அவசரமாக இழுக்கத் தோன்றினாலோ எண்ணிக்கை உங்களுக்கு அதிகம் என்று பொருள்.

நாடி சுத்தி

இரு நாசிகளாலும் மாறி மாறி மூச்சு விடுவதே நாடி சுத்தி. வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடக்கினால், வலது நாசிக்குக் கட்டைவிரலும் இடது நாசிக்கு மோதிரவிரலும் கிடைக்கும். விரலை வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மூக்கின் நுனியைக் கிள்ளக் கூடாது. எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் பள்ளத்தில் விரலை ஒத்தி வைத்தால், மூக்கு வளையாமல் லேசான அழுத்தத்திலேயே அடைபடும். முழங்கை அந்தரத்தில் தூக்கி நிற்காமல் விலாவை ஒட்டித் தளர்ந்திருக்கட்டும்.

வலதை மூடி இடது நாசியால் நான்கு எண்ணி இழுங்கள். இடதை மூடி வலதால் ஆறு எண்ணி விடுங்கள். பிறகு வலதால் நான்கு இழுத்து, இடதால் ஆறு விடுங்கள். இது ஒரு சுற்று, 20 நொடி ஆகும். மூன்று நிமிடத்தில் ஒன்பது சுற்று முடியும். தொடக்கத்துக்கு அது போதும். சில வாரங்களில் நான்குக்கு எட்டு என்று நீட்டலாம். இடையில் எங்கும் மூச்சை நிறுத்த வேண்டாம்.

ஒரு நாசியில் மூச்சு தாராளமாகவும் மற்றதில் தடையாகவும் ஓடுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இரு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறைமாறி அடைத்துத் திறப்பதை ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் விவரித்தார். இடகலை, பிங்கலை என்று நம் சித்தர்கள் பேசியதும் இந்த இடவல மூச்சு ஓட்டத்தைக் கவனித்தே. சளியால் முழுவதும் அடைத்திருக்கும் நாளில் மட்டும் நாடி சுத்தியை விட்டுவிட்டு, இரு நாசிகளாலும் முடிந்த அளவு மெதுவாக மூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிராமரி

இழுத்த மூச்சை, உதடுகளை மூடிப் பற்களைச் சற்று விலக்கி வைத்துக்கொண்டு, வண்டின் ரீங்காரம் போல மெல்லிய ஒலியுடன் மூக்கு வழியாக விடுவதே பிராமரி. ஒலி எழுப்பும்போது மூச்சு தானாகவே நீண்டுவிடுவதால், எண்ணிக்கையில் மனம் செல்லாதவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இதனால் இன்னொரு பயனும் உண்டு. நாசியை ஒட்டிய எலும்புக் குழிகளில் உருவாகும், இரத்தக் குழாய்களை விரிக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடு, அமைதியாக விடும் மூச்சைவிட ரீங்காரத்தோடு விடும் மூச்சில் 15 மடங்கு கூடுதலாக வெளிவருவதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2002இல் அளந்து காட்டினார்கள். ஒலியின் அதிர்வு அக்குழிகளில் தேங்கிய காற்றை அசைத்து மாற்றுகிறது. இரவில் தூக்கம் வராமல் புரளுகிறவர்கள் படுக்கையில் அமர்ந்து ஆறேழு முறை செய்து பார்க்கலாம்.

கோடையில் சீதளி இதமானது. நாக்கைக் குழல்போலச் சுருட்டி வாய் வழியாக இழுத்து, மூக்கு வழியாக விட வேண்டும். வாய் வழியாகப் போகும் காற்றில் தூசி வடிகட்டப்படாது என்பதால் புகையுள்ள இடத்தில் இதைத் தவிர்ப்பது நல்லது.

என்ன எதிர்பார்க்கலாம், யார் கவனமாக இருக்க வேண்டும்

மனத்தில் தெரியும் மாற்றம் பெரும்பாலும் கோபத்துக்கும் சொல்லுக்கும் இடையே சிறிது அவகாசம் கிடைப்பதாகத்தான் முதலில் வரும். எலிகளைக் கொண்டு 2017இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று, மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுக்களில் ஒரு சிறு பிரிவு, பரபரப்பையும் விழிப்பையும் தூண்டும் பகுதியோடு இணைந்திருப்பதைக் காட்டியது. மூச்சு தணிந்தால் மனமும் தணியும் என்ற பழைய அனுபவத்துக்கு அது ஓர் உடற்கூறு விளக்கத்தைத் தருகிறது. இரத்த அழுத்தமும் ஓரளவு குறையக்கூடும். ஆயினும் அழுத்த மாத்திரையையோ ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரையோ மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது ஆபத்து.

வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் தொலைக்காட்சி வழியாக மிகவும் பரவிவிட்டன. ஹட யோக மரபில் கபாலபாதி உடலைத் தூய்மைப்படுத்தும் ஆறு கிரியைகளுள் ஒன்று. பிராணாயாம வரிசையில் அது வருவதில்லை. கர்ப்பிணிகள், உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள், குடலிறக்கம், வலிப்பு, கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் இவ்விரண்டையும் செய்யக் கூடாது. மற்றவர்களும் ஆசிரியர் நேரில் பார்க்கும்போது கற்பதே முறை. நெடுநேரக் கும்பகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நான்குக்கு எட்டு என்ற நாடி சுத்தி பல மாதங்கள் சிரமமின்றி ஓடிய பிறகு, இத்தகைய நோய்கள் இல்லாதவர்கள் ஆசிரியர் துணையுடன் உள்மூச்சுக்குப் பின் இரண்டு எண்ணிக்கை நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்திய பின் வரும் வெளிமூச்சு எப்போதும்போல எட்டு எண்ணிக்கைக்கு நீடிக்கிறதா என்று கவனியுங்கள். அது ஆறிலோ ஐந்திலோ தீர்ந்துபோனால் கும்பகத்தை விட்டுவிட்டு, இன்னும் சில வாரங்கள் நான்குக்கு எட்டையே தொடருங்கள்.