பூந்தொட்டியில் நத்தைத் தொல்லையா? டார்ச்சை எடுங்கள்

பொங்கலுக்குப் பூக்கும் என்று கணக்குப் போட்டு, ஐப்பசியில் பன்னிரண்டு செண்டுமல்லி நாற்றுகளைத் தொட்டிகளில் நட்டேன். அடைமழை ஓய்ந்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால், ஐந்து தொட்டிகளில் வெறும் குச்சிதான் நிற்கிறது. புழுவாக இருக்கும் என்று வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். அடுத்த நாள் இன்னும் இரண்டு போயின. அதற்கப்புறம்தான் தரையைக் குனிந்து பார்த்தேன்.

முதலில், தின்றது யார் என்று பாருங்கள்

புழு தின்ற செடியில், கீழ் இலைகளின் மேல் கடுகு மாதிரி கறுப்பு எச்சம் கிடக்கும். நத்தை வந்துபோன இடத்தில் காய்ந்த பசை போல வெள்ளிக்கோடு மினுங்கும். இலையில், தொட்டி விளிம்பில், தரையில் தேடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். பிஞ்சு நாற்றாக இருந்தால் ஓட்டையெல்லாம் இருக்காது, இலை மொத்தமும் காணாமல் போயிருக்கும். செண்டுமல்லி, காசித்தும்பை, டேலியா போன்ற இளந்தண்டுச் செடிகளுக்குத்தான் சேதம் அதிகம்.

நம் பக்கம் பெரிய சேதம் செய்வது ராட்சத ஆப்பிரிக்க நத்தை. பழுப்புக் கோடு போட்ட கூம்பு ஓடு, விரல் நீளத்துக்கு மேலும் வளரும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இது தானாக இங்கே வரவில்லை. நத்தை ஆராய்ச்சியில் ஆர்வம் கொண்ட வில்லியம் பென்சன் 1847இல் மொரீஷியஸிலிருந்து கொண்டுவந்தவை கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அந்த ஆர்வத்துக்கு நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வெறுங்கையால் தொடாதீர்கள்

எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தையின் உடம்பில் இருக்கலாம். அவை மனிதருக்குள் போனால் மூளைச்சவ்வு அழற்சி வரலாம். பயப்பட வேண்டாம், கையுறையோ பழைய பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொண்டால் போதும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் நத்தையை வைத்து விளையாட விடாதீர்கள்.

இரவு வேட்டை

எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இதுதான் உண்மையான மருந்து. மழை விட்ட இரவில், எட்டு மணிக்கு மேல் டார்ச்சும் ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு போங்கள். வாளியில் பாதித் தண்ணீர், அதில் இரண்டு மூன்று கைப்பிடி கல்லுப்பு. செடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தொட்டியின் வெளிப்பக்கம், விளிம்பின் உள்மடிப்பு, வடிகால் ஓட்டை, அடியில் வைத்த தட்டு, பின்னால் இருக்கும் சுவர் என்று எல்லாவற்றிலும் வெளிச்சம் அடியுங்கள். கிடைத்ததை வாளியில் போடுங்கள். செத்ததும் செடிகளுக்குத் தள்ளி ஒரு குழியில் புதைத்துவிடுங்கள். உப்புத் தண்ணீரைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வேர் கருகிவிடும்.

பாவம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிவதில் பிரயோஜனம் இல்லை. திரும்பி வரும். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருப்பதால் வளர்ந்த ஒவ்வொரு நத்தையும் முட்டை போடும். முதல் இரவு எனக்கு ஒரு வாளியின் அடி மூடும் அளவுக்குக் கிடைத்தது. இரண்டு வாரம் விடாமல் போன பிறகு ஒன்றிரண்டுதான்.

தினமும் போக முடியாதவர்கள் சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்து மடித்துத் தொட்டிகளுக்கு நடுவே போடுங்கள். உள்ளே பப்பாளித் தோலோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன் சாக்கைப் புரட்டினால் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முட்டையைத் தேடுங்கள்

மேல்மண்ணை ஓரங்குலம் கிளறினால் ஜவ்வரிசி மாதிரி மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டைகள் குவியலாகக் கிடக்கும். உரக் குருணை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள் (நான் விட்டேன்). ஒரு குவியலில் நூற்றுக்கு மேல்கூட இருக்கலாம். அள்ளி அதே உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

தொட்டி இருக்கும் இடம்

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம், அது நத்தைக்கு விரித்த கம்பளம். தொட்டியைத் தாங்கியின் மேல் தூக்கி வையுங்கள், இலை சுவரில் உரசக் கூடாது. நர்சரியிலிருந்து வரும் செடியை ஒரு வாரம் தனியாக வைத்து, கவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எனக்கு நத்தை வந்த வழி அதுதான்.

முட்டை ஓடு, செப்புப் பட்டை எல்லாம்?

பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வில் லெட்யூஸ் கீரையைச் சுற்றி, நத்தையைத் தடுக்கும் என்று பலரும் சொல்லும் முட்டை ஓடு, செப்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகியவற்றைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் போடாத கீரைக்கு நேர்ந்த சேதம்தான் அவற்றுக்கும். சாம்பல் காய்ந்திருக்கும்வரை கொஞ்சம் தடுக்கும், ஆனால் நத்தை வருவதே மழையில்தானே. முட்டை ஓட்டைப் பேசாமல் உரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

கடையில் மெட்டால்டிஹைடு குருணை கிடைக்கும். நத்தை சாகும், நாயோ பூனையோ தின்றாலும் சாகும். வீட்டில் பிராணியோ சின்னக் குழந்தையோ இருந்தால் வேண்டவே வேண்டாம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது பரவாயில்லை.

மழைக்காலம் முடிந்ததும் நத்தை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மாசி, பங்குனியில் ஓட்டின் வாயை மெல்லிய ஏட்டால் மூடிக்கொண்டு செங்கல் அடுக்குக்குப் பின்னால், காலித் தொட்டிக்குள் தூங்கும். அப்போது டார்ச் தேவையில்லை, பகலிலேயே பொறுக்கி எடுத்துவிடலாம்.